முப்பது திங்கள் ஊதியம்

(மதுரை சிம்மக்கல்லில், தொடர்வண்டித் தொழிலாளர் நினைவாக நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இந்த இடத்திற்குப் பெயர் தந்தது ஒரு கல். அரிமா உருவில் அமைந்த அந்தக் கல்லைச் 'சிம்மக்கல்' என்று ஊரார் அழைத்தனர். 'அரிமாக்கல்' என்பதே நல்ல தமிழ். எச்சொல்லால் அழைத்தாலும், ஒரு கல்லை நினைவில் வைத்து அதன் பெயராலேயே ஒரு பகுதியை வழங்கிவரும் ஊர் இது. தமிழரின் இயல்பு அது. கோயிலில் ஒரு விளக்கு எரிவதற்காக ஆடு கொடுத்தவன் பெயரைக் கூடக் கல்லில் வெட்டி வைத்த இனம் இது.

அதற்கும் முன்னே செல்லுங்கள். தேனி மாவட்டம், ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகை பாயும் நிலத்தில் புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே 2006-ஆம் ஆண்டில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவை கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தன என்று கல்வெட்டறிஞர் கணித்துள்ளனர். ஆநிரை கவர்ந்த பூசலில் உயிர்விட்ட ஒருவனுக்கு அவன் ஊரார் நட்ட கல்லும் அவற்றுள் ஒன்று. அவன் அரசன் அல்லன்; பெருஞ்செல்வனும் அல்லன். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவன் பெயர் அழியவில்லை.

இனி, அதே ஆண்டிப்பட்டி வழியாகப் போடிநாயக்கனூருக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதையைப் பாருங்கள். அப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது. அதற்கு மண் வெட்டியவர், மலைக்கணவாயில் பாறை உடைத்தவர், கட்டை சுமந்தவர், தண்டவாளம் தூக்கியவர் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவர் பெயரையேனும் சொல்லும் கல் அப்பாதையில் எங்கே இருக்கிறது?

அந்தப் பெயரற்ற தொழிலாளியின் வாழ்வையும் சாவையும் எண்ணிப் பார்ப்பதற்கே இக்கூட்டம்.

மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875-இல். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக அது வந்தது. 1876 சனவரி முதல் நாளில் தூத்துக்குடிவரை நீண்டது. 1902-இல் மானாமதுரை வழியாக மண்டபத்தை எட்டியது. 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடல் நடுவே தூண்களின் மேல், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் அப்பாலம் நின்றது. தனுக்கோடியில் இறங்கிக் கப்பலேறினால் இலங்கை. தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் உழவர் குடிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த வழியும் அதுவே.

இவற்றையெல்லாம் நடத்தியது தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமம். அதன் பணியிடம் திருச்சிராப்பள்ளியில். அதன் பதிவும் பங்காளிகளும் இலண்டனில். பாதை தமிழ்நிலத்தில்; அதனால் வந்த வருவாயோ கடல் கடந்து சென்றது. 1944-இல் அரசு அதனை மேற்கொண்டது; 1951-இல் அது தென்னக இருப்புப்பாதையின் பகுதியாயிற்று.

அந்தக் காலத்துத் தொழிலாளியின் ஒரு நாள் எப்படிப்பட்டது?

பாதையைப் பேணியவனை முதலில் நினையுங்கள். சில கல் தொலைவுக்கு ஒரு குழு. கதிரவன் எழுமுன் ஒருவன் கையில் சுத்தியலும் திருகுகோலும் கொடியும் எடுத்துக்கொண்டு தன் பகுதி முழுதும் நடந்து செல்வான். தளர்ந்த ஆணியை அடிப்பான். கழன்ற இணைப்பை முறுக்குவான். கோடையில் இரும்பு விரியும், பாதை நெளியும். மழையில் கரை அரிக்கும், சல்லி நழுவும். விரியும் இரும்புக்கு இடம்விட்டு வைப்பதும் நழுவிய சல்லியை மீண்டும் திணிப்பதும் அவன் வேலை. வைகைச் சமவெளியின் வெயிலில் அந்த இரும்பைக் கையால் தொட்டவர்க்கே அவ்வேலையின் அருமை தெரியும். பாம்பனிலோ வெயிலோடு உப்புக்காற்றும் சேர்ந்தது. அது தின்னும் இரும்பைச் சுரண்டிச் சுரண்டிச் சாயம் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனையில் துரு ஏறியிருக்கும்.

அடுத்து, வண்டிகளை இணைப்பவன். ஒரு பெட்டி நிற்க, மற்றொரு பெட்டி பின்னோக்கி வரும். இரண்டுக்கும் நடுவே அவன் புகுந்து கொக்கியை மாட்டவேண்டும். பின்னோக்கி வரும் வண்டியை ஓட்டுபவனுக்கு அவனைத் தெரியாது. விளக்கசைவு ஒன்றே இருவர்க்கும் இடையிலான பேச்சு. இரவில், மழையில், கால் ஒரு முறை வழுக்கினால் போதும்.

அடுத்து, கரி தள்ளுபவன். முன்னே உலை, பின்னே கரிக்குவியல், காலடியில் ஆடும் தட்டு. வண்டி நிற்கும்வரை அவன் கை நிற்கலாகாது. இரவு முழுதும் பாதைவாயிலில் கண்விழித்து நின்ற காவலனையும், கைகாட்டிக்கு எண்ணெய் ஊற்ற ஏணி ஏறியவனையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் வேலைநேர வரம்பு என்ன? 1930-இல்தான் இருப்புப்பாதைச் சட்டத்தைத் திருத்தி ஒரு வரம்பு கட்டினர். இடையறாத வேலை செய்வோர்க்குக் கிழமைக்கு 60 மணி நேரம். விட்டுவிட்டு வேலை வருவோர்க்கு 84 மணி நேரம். எண்பத்து நான்கு என்றால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி, ஏழு நாளும்! இது தொழிலாளிக்குக் கிடைத்த நன்மை என்று எழுதப்பட்டது. அதற்கு முன்பு அவன் எப்படி உழைத்திருப்பான் என்பதை இதனினின்றே உணர்ந்துகொள்ளலாம்.

இனி அவன் சாவுக்கு வருவோம்.

தண்டவாளத்தில் ஒருவன் இறந்தால் அவன் மனைவி மக்களுக்கு என்ன கிடைக்கும்? நெடுங்காலம் இருந்தது 1855-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றே. பிறர் தவற்றால் இறந்தவனின் குடும்பத்தார் முறைமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்றது அச்சட்டம். கூலிக்காரன் கைம்பெண், இலண்டனில் பதிவான குழுமத்தின்மேல் வழக்குத் தொடுப்பது! உரிமை ஏட்டில் இருந்தது, அவ்வளவே.

1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வேலையால் நேர்ந்த சாவுக்கு இழப்பீடு இவ்வளவு என்று அது வரையறுத்தது. எவ்வளவு? முப்பது திங்கள் ஊதியம், அல்லது 2,500 உருபா. இவ்விரண்டில் எது குறைவோ அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்களுக்குப் பதினைந்து உருபா வாங்கியவன் ஒருவன் என்று கொள்ளுங்கள். அவன் உயிரின் விலை 450 உருபா. அவனுக்கு முப்பது அகவை என்றால், இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருப்பான், முந்நூறு திங்கள். சட்டம் கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்கு. உயிரோடிருந்தபோது ஊதியம் குறைவு என்பதாலேயே செத்தபின் இழப்பீடும் குறைந்தது. வறியவனாக வாழ்ந்ததற்கு இரண்டாம் முறையும் தண்டம் கட்டினான் அவன்.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. அச்சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது அதில் ஒரு விலக்கு இருந்தது. காப்புக்கென வகுத்த நெறிமுறையைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால் ஏதம் நேர்ந்தது என்றால், அவன் செத்தாலும் இழப்பீடு இல்லை. 1933-இல் திருத்தம் வந்த பிறகே சாவுக்கு அந்த விலக்குப் பொருந்தாது என்றாயிற்று.

தமிழ்ப் பெருமக்களே! இங்கேதான் மொழியின் சிக்கல் உயிரின் சிக்கலாகிறது. அந்த நெறிமுறைகள் எந்த மொழியில் ஆக்கப்பட்டன? ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் எண்ணி, ஆங்கிலத்தில் வகுத்து, ஆங்கிலத்தில் ஆய்ந்து முடிவு சொன்னார்கள். மொழிபெயர்ப்பு எங்கேனும் தரப்பட்டிருந்தாலும், எழுத்தறியாதவனாகவே விடப்பட்ட கூலிக்காரனுக்கு அதனால் என்ன பயன்? மேலாள் வாய்ச்சொல்லே அவனுக்கு நெறிமுறை. விரைந்து முடி என்று ஏவியவனும் மேலாள்தான். முடிக்கும்போது அடிபட்டால், நெறிமுறையை மீறினான் என்று எழுதுபவனும் மேலாள்தான். அந்த அறிக்கையைப் படித்து, இது பொய் என்று மறுக்க இறந்தவனால் முடியுமா? அவன் மனைவியால் முடியுமா? தாய்மொழி அலுவலில் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பவர், இந்தக் கைம்பெண்ணிடம் போய்க் கேட்கட்டும்.

அவனுடைய தொழிற்பெயரும் அவன் மொழியில் இல்லை. 'கேங்மேன்' என்றார்கள், 'பாயிண்ட்சுமேன்' என்றார்கள், 'பயர்மேன்' என்றார்கள், 'கலாசி' என்றார்கள். அண்மைக் காலத்தில் 'கேங்மேன்' என்பது போய், 'டிராக்மேன்' ஆகி, 'டிராக் மெயின்டெய்னர்' ஆயிற்று. ஓர் அயற்சொல் போய் மற்றோர் அயற்சொல் வந்ததே தவிர, 'பாதைக் காப்பாளர்' என்று அவனை அழைக்க எவர்க்கும் தோன்றவில்லை.

ஆயினும் அந்தத் தொழிலாளி வாய்மூடி இருந்தானா? இல்லை. நெட்டை மரத்தில் கைபோல் நீண்டு வழி சொன்னதைக் 'கைகாட்டி' என்று தமிழ்மக்கள் அழைத்தார்கள். எவ்வளவு அழகான சொல்! புகை கக்கி வந்ததைப் 'புகைவண்டி' என்றார்கள். பாதைக்குக் கீழே பரப்பியதைச் 'சல்லி' என்றார்கள். தண்டவாளத்தைத் தாங்கியதைக் 'கட்டை' என்றார்கள். இவற்றை உண்டாக்கக் குழு அமைக்கவில்லை. அறிஞர் அவை கூடவில்லை. கண்ணால் கண்டதற்குத் தாய்மொழியில் பெயரிடும் ஆற்றல் பொதுமக்களிடம் என்றும் இருந்தது. தமிழால் முடியாது என்று சொன்னவர் படித்தவரே. வெயிலில் நின்றவர் முடித்துக் காட்டிவிட்டார்.

முப்பது திங்கள் ஊதியத்திற்கு உயிரை விற்ற அம்மக்கள் ஒரு நாள் நிமிர்ந்தும் நின்றார்கள். ஆண்டு 1928.

நாகப்பட்டினத்தில் இருந்த பெரிய பணிமனையைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றியது குழுமம். புதிய பொறிகள் வந்தன. ஆட்கள் மிகை என்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். யாரை அனுப்புவது என்று முடிவுசெய்யத் தொழில்தேர்வு என்றொன்றை வைத்தார்கள். பல்லாண்டு பணிமனையில் இரும்பை வளைத்தவனை, உனக்கு இரும்பு வளைக்கத் தெரியுமா என்று கேட்கும் தேர்வு! தொழிலாளர் மறுத்தனர். ஆட்குறைப்பைக் கைவிடுக, தேர்வை விலக்குக, ஊதியத்தை உயர்த்துக என்றனர். வெள்ளையர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் ஓர் ஊதியம், மண்ணின் மக்களுக்கு வேறோர் ஊதியம் என்றிருந்த காலம் அது.

சூன் இறுதியில் பணிமனைகளில் தொடங்கிய போராட்டம், சூலை 19 நள்ளிரவில் பாதை முழுதும் பொது வேலைநிறுத்தமாயிற்று. தெற்கே பல நிலையங்களில் வண்டிகள் நின்றன. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளரோடு நின்றனர். 1923-இல் சென்னையில் மே நாளைக் கொண்டாடிய அதே சிங்காரவேலர்தாம். 1860-இல் பிறந்த அவர்க்கு அப்போது அறுபத்தெட்டு அகவை. அரசு படையும் காவலரும் கொண்டு போராட்டத்தை ஒடுக்கியது, தலைவர்களைத் தளைப்படுத்தியது. சில கிழமைகளில் போராட்டம் முறிந்தது, ஒன்றியம் சிதைந்தது, பலர் வேலையிழந்தனர். சிங்காரவேலர்க்குப் பத்தாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1930-இல் அவர் வெளிவந்தார்.

தோற்ற போராட்டம் என்று அதனைச் சொல்வர். அது முழு உண்மையன்று. இழப்பீட்டுச் சட்டம் உயிருக்கு ஒரு விலை குறித்தது. அந்த விலைக்குத் தன்னை விற்க முடியாது என்று தொழிலாளியே சொன்ன நாள் அது.

நிலையத்தில் இன்னொரு தாழ்வும் இருந்தது. சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனர்க்குத் தனியிடம், ஏனைத் தமிழர்க்குத் தனியிடம். பாதையை இட்டவன் கையால் தொட்ட தண்டவாளத்தின்மேல் எல்லாரும் ஒன்றாகப் பயணம் செய்தனர். உண்பதற்கு மட்டும் சுவர் எழுப்பினர். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாது போராடிய பின்னரே 1941-இல் அவ்வேறுபாடு நீங்கியது.

பின்னர் வந்தது 1946. அவ்வாண்டு தென்னிந்திய இருப்புப்பாதைத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் மலபார் சிறப்புக் காவற்படை சுட்டது. ஐவர் மாண்டனர். தியாகராசன், இராசு, இராமச்சந்திரன், கிருட்டிணமூர்த்தி, தங்கவேலு. அவர்கள் பெயர்கள் இன்றும் தெரிகின்றன. ஏன் தெரிகின்றன? குழுமம் எழுதி வைத்ததாலா? அரசு எழுதி வைத்ததாலா? இல்லை. உடன் நின்ற தோழர்கள் எழுதி வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் கூடி அப்பெயர்களைச் சொன்னார்கள். புலிமான்கோம்பையில் ஊரார் செய்ததைப் பொன்மலையில் தொழிலாளர் செய்தனர்.

பிற நாட்டார் என்ன செய்தனர் என்பதையும் பாருங்கள். மெக்சிகோ நாட்டில் நக்கோசாரி என்றொரு சுரங்க ஊர். 1907 நவம்பர் 7-ஆம் நாள், வெடிமருந்து ஏற்றிய தொடர்வண்டி ஒன்று ஊர் நடுவே தீப்பற்றிக்கொண்டது. அந்த வண்டியில் பணியாற்றியவன் இயெசூசு கார்சியா என்னும் தொழிலாளி. இருபதுகளில் இருந்த இளைஞன். அவன் குதித்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. எரியும் வண்டியை ஊருக்கு வெளியே ஓட்டிச் சென்றான். வெளியே அது வெடித்தது, அவனும் வேறு சிலரும் மாண்டனர், ஊர் பிழைத்தது. அந்த ஊரார் தம் ஊரின் பெயரையே மாற்றினர்: நக்கோசாரி தெ கார்சியா. அவன் இறந்த நவம்பர் 7 அந்நாட்டில் தொடர்வண்டித் தொழிலாளர் நாள்.

இங்கே? பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட்டுத் திறந்த நடுப்பகுதியைச் 'செர்சர்' என்றே நூல்கள் சொல்லின. செர்சர் என்பவர் அவ்வமைப்பை வகுத்த அமெரிக்கப் பொறியாளர். அவர்க்குரிய பெருமையைத் தருவது தக்கதே. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த இரும்புக் கரங்களைத் தம் கைவலியால் சுழற்றித் தூக்கியவர்கள் இத்தொழிலாளர். நூற்றெட்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2022 திசம்பரில் அப்பாலம் ஓய்ந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. வகுத்தவர் பெயர் நின்றது. சுழற்றியவர் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

தோழர்களே! செய்யவேண்டியவை பெரியன அல்ல.

மதுரையிலும் திண்டுக்கல்லிலும் மானாமதுரையிலும் தொடர்வண்டிக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக, நான்கு தலைமுறையாக வாழ்கின்றன. பாட்டன் பெயர் என்ன, எங்கே என்ன வேலை செய்தார், எப்படி இறந்தார், குடும்பத்திற்கு என்ன கிடைத்தது என்பதை வீட்டில் உள்ள முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். நல்ல தமிழில் எழுதுங்கள். நான்கு வரியாயினும் எழுதுங்கள். முதியோர் மறையும்போது அப்பெயர்களும் மறைந்துவிடும்.

தொழிலுக்குத் தமிழ்ப்பெயர் வழங்குங்கள். பாதைக் காப்பாளர், வண்டி இணைப்பாளர், வாயிற்காவலர் என்று முதலில் நீங்கள் அழையுங்கள். அலுவலகம் பின்னால் வரும். காப்பு நெறிமுறை ஒவ்வொன்றும் அதனைப் பின்பற்றவேண்டியவனின் தாய்மொழியில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். இன்றும் பாதையில் வேலை செய்வோர் வண்டி மோதி இறக்கின்றனர். ஆகையால் இது வெறும் மொழிப்பற்றுக்குரிய கோரிக்கை அன்று.

சிம்மக்கல்லுக்கு மேற்கே, வைகையைக் கடந்து தொடர்வண்டிப் பாலம் செல்கிறது. இக்கூட்டம் கலைந்து நீங்கள் வீடு திரும்பும்போது அதன்மேல் வண்டி ஒன்று ஓடும். அதற்குக் கீழே யாரோ ஒருவன் அடித்த ஆணி இருந்தது; யாரோ ஒருவன் திணித்த சல்லி இருந்தது. அந்த ஒருவனுக்குச் சட்டம் முப்பது திங்கள் ஊதியம் கொடுத்தது. தமிழர் அவனுக்குக் கொடுக்கவேண்டியது, அவன் பெயர் வெட்டிய ஒரு கல்.